மாப்பிள்ளை இறங்கிக்கொண்டான்

சன்னாசிக்குக் கல்யாணம் என்றதும் மலாயாவின் பத்து காஜா ஊர்ப்பக்கத்து ரப்பர்த் தோட்டத்து லய வீடுகளில் பாதிப் பேர் சிரித்தார்கள். பேரைக் கேட்டுச் சிரித்தவர்கள் கொஞ்சம். அவன் ஓட்டும் லாரியை நினைத்துச் சிரித்தவர்கள்தான் அதிகம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷம் தோட்டத்துக்கு முதல் லாரி வந்தபோது, மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த சன்னாசியைத்தான் துரை பழக்கியெடுத்தார். அவன் அதை ஓட்டிய அழகைப் பார்த்து லயத்தில் அதற்குத் தேர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தேர் கிளம்பிடுச்சு, சாயங்காலத்துக்குள்ள நிலைக்கு வந்துடும் என்று பால்வெட்டுப் பெண்கள் வாளியும் கையுமாக நின்று கேலி செய்வார்கள்.

அவன் ஒன்றும் சோம்பேறி அல்ல. காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து பிரேக்கை மிதித்துப் பார்ப்பான், நாலு சக்கரத்தையும் உதைத்துப் பார்ப்பான், பக்கப் பலகைகளின் கொக்கியை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பான். பிறகு ஸ்டேரிங்கைப் பிடித்தால், சாலையில் தன்னைத் தவிர மற்ற அத்தனை பேரும் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர்கள் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் நகருவான். ஒவ்வொரு வளைவுக்குப் பின்னாலும் ஓர் எருமை படுத்திருக்கிறது என்பது அவன் கணக்கு. ஹாரன் அடிப்பான், காலை பிரேக்கில் வைப்பான், எட்டிப் பார்த்துக்கொண்டே திரும்புவான். எருமை இருக்காது. அடுத்த வளைவில் இருக்கும் என்று மறுபடியும் ஹாரன் அடிப்பான். ஒரு வருஷமாக அந்த லாரி ஒரு கோழியின் இறகைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் தொடாமல் விட்ட கோழிக்காக யாராவது ஒருவனைப் புகழ்ந்து கேட்டிருக்கிறோமா?

பெண் தாப்பாவுக்கு அந்தப்புறம் ஒரு தோட்டத்தில். பேர் வீரம்மா. பெண் பார்க்கப் போனபோது அவள் தலையை நிமிர்த்தி ஒரே ஒரு தடவை இவனைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையை வைத்துக்கொண்டு சன்னாசி மூன்று மாதம் ஓட்டிவிட்டான். ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். பெண்ணின் அப்பா பழனியப்பன் சொன்ன சொல் மாறாத ஆள். தட்டு மாற்றும்போதே சொல்லிவிட்டார்: "பத்தரை தாண்டினா ஐப்பசிதான். அதுல பேச்சு இல்ல." ஐப்பசிக்குப் போன கல்யாணம் திரும்பி வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

துரை நல்ல மனசோடு லாரியைக் கொடுத்தார். மாப்பிள்ளையே லாரி ஓட்டிக்கொண்டு போய்க் கல்யாணம் செய்துகொள்வது என்று ஏற்பாடு. விடியற்காலையில் மாரியம்மன் கோயிலில் பூசாரி சன்னாசியின் வலது மணிக்கட்டில் மஞ்சள் தடவிய காப்புக் கயிற்றைக் கட்டினார். ஆண்கள் பெண்கள் பிள்ளைகள் என்று முப்பது பேர் சீர்த்தட்டுகளோடு லாரியில் ஏறி நின்றுவிட்டார்கள். சன்னாசி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டும் இடத்தில் ஏறி உட்கார்ந்து ஸ்டேரிங்கில் கை வைத்தான். வைத்ததுதான் தாமதம், தாய்மாமன் கார்த்திகேசு கூச்சல் போட்டார்.

"எடுடா கையை! காப்புக் கட்டின கை தொழில் சாமானத் தொடக்கூடாது. நம்ம வழக்கம் தெரியாது உனக்கு?"

அவர்கள் குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. காப்பு ஏறிய கை பால்வெட்டுக் கத்தியைத் தொடாது, மண்வெட்டியைத் தொடாது. தொட்டால் கட்டிக்கொண்டவளுக்கு ஆகாது. ஆனால் ஸ்டேரிங் எந்தக் கணக்கில் வரும் என்று இதற்கு முன் யாரும் யோசித்ததில்லை. அந்தக் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் ஸ்டேரிங்கைப் பிடித்ததும் இல்லை.

"இது வண்டி மாமா. சாமான் இல்ல," என்றான் சன்னாசி.

அவனுடைய அக்கா இருளாயி, கைப்பிள்ளையை இடுப்பில் வைத்தபடி லாரியின் மேலிருந்து தீர்ப்புச் சொன்னாள். "போன ஆயுத பூசைக்கு இதே ஸ்டேரிங்குக்குச் சந்தனம் வச்சு, பொட்டு வச்சு, கற்பூரம் காட்டினது யாரு? நீதானே? அப்ப அது தொழில் சாமான் இல்லாம மாமியார் வீட்டுத் தலகாணியா?"

அதற்கு மேல் வாதாட யாராலும் முடியவில்லை. சன்னாசிக்குக்கூட அது சரி என்றுதான் பட்டது. சந்தனத்தை வைத்தவன் அவன்தானே.

வேறு யார் ஓட்டுவது? தோட்டத்தில் வேறு ஆள் கிடையாது. அப்போது கூட்டத்திலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கி வந்தான் செபாஸ்டியன். ஈப்போவில் பஸ் ஓட்டுகிறவன், சன்னாசியின் கூட்டாளி, கல்யாணத்துக்கென்று முந்தின நாளே வந்து தங்கியிருந்தான். ஈப்போவுக்கும் தாப்பாவுக்கும் இடையில் பஸ்கள் ஒன்றையொன்று முந்தி ஆளை ஏற்றிக்கொள்ளும் காலம் அது. அதில் செபாஸ்டியனை முந்தியவன் இல்லை என்று பேர். சன்னாசி ஓட்டும் இடத்தை அவனுக்கு விட்டுவிட்டு மனசில்லாமல் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான். வாதம் முடிந்து லாரி கிளம்பும்போது மணி எட்டு.

"கவலப்படாத மச்சான். ஒம்பதரைக்குப் பொண்ணு வீட்டுல நிப்போம் லா," என்றான் செபாஸ்டியன்.

கோப்பெங் வரும்வரை சன்னாசி வாயைத் திறக்கவில்லை. காலைத்தான் அடக்க முடியவில்லை. வளைவு வரும்போதெல்லாம் அவனுடைய வலது கால் தானாகவே பலகையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை, வெறும் பலகைதான். பின்னால் முப்பது பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். தேரில் போய்ப் பழகிய சனங்களுக்குக் காற்று முகத்தில் அறைவது பெரிய சந்தோஷமாக இருந்தது. "சபாஷ்! இதுல்ல லாரி!" என்று யாரோ கத்தினார்கள்.

கோப்பெங்கைத் தாண்டி ஒரு வளைவு. முன்னால் விறகு ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. செபாஸ்டியன் ஹாரனை அமுக்கினான், வலது பக்கம் ஒடித்தான், வேகத்தைக் கூட்டினான். பாதி தாண்டியபோது எதிரே ஒரு கறுப்பு மோட்டார் கார் முளைத்தது. கார்க்காரன் புல்லில் இறக்கினான். செபாஸ்டியன் லாரியை இடது பக்கம் இழுத்தான். மாடுகள் மிரண்டு நுகத்தை முறுக்கின. வண்டிக்காரர் குதித்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். லாரி எதிலும் படாமல் தப்பிப் போய்விட்டது. சீர்த்தட்டுத் தேங்காய்கள் இரண்டு மட்டும் சாலையில் உருண்டன.

பின்னால் எல்லாரும் கைதட்டினார்கள். அதுதான் சன்னாசிக்குத் தாங்கவில்லை. செத்துப் பிழைத்ததைக் கூத்துப் பார்த்ததுபோலக் கைதட்டுகிறார்களே! இருளாயியின் பிள்ளை மட்டும் வீறிட்டு அழுதது. அத்தனை பேரில் அதற்கு ஒன்றுக்குத்தான் புத்தி இருந்தது.

"நிறுத்து. ஒண்ணுக்குப் போவணும்," என்றான் சன்னாசி.

செபாஸ்டியன் நிறுத்தினான். சன்னாசி இறங்கினான். ஒண்ணுக்குப் போகவில்லை. சாலையோரம் இருந்த மைல் கல்லின் மேல் பட்டு வேட்டியோடு, தலைப்பாகையோடு உட்கார்ந்துகொண்டான்.

"என்ன மச்சான்? ஏறு, நேரமாவுது."

"நான் ஏறல."

மாமா கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "என்னடா விளையாட்டு? மணி என்ன தெரியுமா?"

"மாமா, நான் இல்லாம லாரி போவும். ஆனா நான் இல்லாம கல்யாணம் நடக்காது. இந்த மாதிரி ஓட்டறதா இருந்தா நீங்க எல்லாம் போய்ச் சாப்பிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

எல்லாரும் இறங்கிவிட்டார்கள். ஆளுக்கு ஒன்று பேசினார்கள். பயந்தாங்கொள்ளி என்றார் ஒருவர். பேருக்கு ஏத்த புத்தி என்றார் இன்னொருவர். அவ்வளவு பயம்னா காப்பை அவிழ்த்துட்டு நீயே ஓட்டேன் என்று மாமா கோபத்தில் சொல்ல, தாலி ஏறுமுன் காப்பை அவிழ்ப்பதா என்று இருளாயி அவர் மேல் பாய்ந்தாள். சன்னாசிக்கும் ஸ்டேரிங்கைப் பிடிக்க ஆசைதான். கை அரித்தது. ஆனால் இன்றைக்குக் காப்போடு அதைத் தொட்டுவிட்டால், இனி வீரம்மாவுக்கு ஒரு தலைவலி வந்தாலும் அந்தக் கையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அவளை அப்படி ஒரு பேச்சுக்குள் கொண்டுவந்து குடிவைக்க அவனுக்கு மனசு வரவில்லை.

செபாஸ்டியனின் முகம் சிவந்துபோயிருந்தது. "எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு சொல்றியா? முப்பது பேருக்கு முன்னால?"

"உனக்கு நல்லாவே தெரியும் செபாஸ்டி. என்னைவிட நல்லா ஓட்டுவ. உன் எதிர்ல வாரவனுக்குத் தெரியுமா? அத யாரு எனக்குச் சொல்றது? அந்த மாட்டுக்குத் தெரியுமா? பின்னால இருக்கறது முச்சூடும் என் சனம். எனக்குப் பயமா இருக்கு. கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை பொய் சொல்லக்கூடாது. ரொம்பப் பயமா இருக்கு."

செபாஸ்டியன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அப்போது பின்னால் அந்த விறகு வண்டி மெல்ல வந்து சேர்ந்தது. வண்டிக்காரர், எலும்பும் தோலுமான ஒரு மனிதர், உருண்டு போன இரண்டு தேங்காய்களையும் எடுத்து வந்து இருளாயியிடம் கொடுத்தார். அவருடைய முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை. கல்யாணமா என்று கேட்டுவிட்டு, நல்லா இருங்க என்று சொல்லிவிட்டுப் போனார். செபாஸ்டியன் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"எப்படி ஓட்டணும்னு சொல்லு," என்றான்.

சன்னாசி ஏறி உட்கார்ந்தான். மணி எட்டே முக்காலைத் தாண்டியிருந்தது. "வளைவுக்கு முன்னாலயே ஹாரன் அடி. முழுசா பாதை தெரியுற வரைக்கும் யாரையும் முந்தாத. முன்னால போற வண்டி சட்டுனு நின்னா நீ நிக்கற அளவுக்கு எடம் விடு. இறக்கத்துல சின்ன கியர்ல இறங்கு, பிரேக்கை நம்பாத. குறுகலான பாலம்னா நின்னு பாத்துட்டுப் போவலாம்."

"இப்படிப் போனா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்."

"சேருவோம்ல?" என்றான் சன்னாசி.

லாரி தேராக மாறியது. வளைவுகள் வந்தன. ஹாரன் அடித்தார்கள், மெதுவாகத் திரும்பினார்கள். ஒரு வளைவில்கூட ஒன்றும் இல்லை. பாலம் வந்தது. நின்றார்கள், பார்த்தார்கள், எதிரே ஈ காக்கா இல்லை. போனார்கள். அடுத்த பாலத்திலும் அதேதான். ஒரு பைத்தியக்காரனாவது எதிரே வந்து தன் மானத்தைக் காப்பாற்ற மாட்டானா என்று சன்னாசியே ஏங்க ஆரம்பித்துவிட்டான். யாரும் வரவில்லை. வருகிற அத்தனை பேரும் ஒழுங்காக ஓரத்தில் வந்து ஒழுங்காகப் போனார்கள். பின்னாலிருந்து மாமா ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி சொன்னார். அதைச் சொல்லும் குரல் இழவுச் செய்தி சொல்லும் குரலாக இருந்தது.

கம்பாரில் ஒரு சீனக் கிழவி தோளில் காவடித் தடியும் இரண்டு கூடை கீரையுமாகச் சாலையைக் கடக்க நின்றாள். செபாஸ்டியன் நிறுத்தினான். லாரி தனக்காக நிற்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நீ போ என்று கை காட்டினாள். நீங்க போங்க என்று இவன் கை காட்டினான். அவள் சந்தேகமாகப் பார்த்தாள். இரண்டு பேரும் மாறி மாறிக் கை காட்டிக்கொண்டிருந்ததில் முழுசாக இரண்டு நிமிஷம் போனது. கடைசியில் அவள் கடந்து போய், அந்தப் பக்கம் நின்று, பல்லில்லாத வாயால் விழுந்து விழுந்து சிரித்தாள். செபாஸ்டியனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கம்பாரைத் தாண்டியதும் அவன் சுண்ணாம்புக் குன்றைக் காட்டினான். "மச்சான், அந்தக் குகை அடியில ஒரு கோயில் இருக்கு பாரு. ரெண்டு வருசமா தினம் இந்த ரோட்டுல வாரேன். இன்னிக்குத்தான் கண்ணுல படுது." சொல்லிவிட்டுத் தோளைத் தளர்த்திக்கொண்டு மெல்லப் பாட்டு முணுமுணுத்தான். பின்னாலும் பெண்கள் எதையோ பாட ஆரம்பித்திருந்தார்கள். நலங்குப் பாட்டு. முகூர்த்தம் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, எல்லாருக்கும் தெரிகிறது, ஆனாலும் காலை வெயிலும் மெதுவாக நகரும் மரங்களும் சேர்ந்து அவர்களை அப்படி ஆக்கிவிட்டன. சன்னாசியின் வலது கால் பலகையை அழுத்துவதை விட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை.

பெண் வீட்டு வாழைமரத் தோரணத்தடியில் லாரி நின்றபோது மணி பத்து நாற்பது.

பழனியப்பன் தோளில் துண்டோடு நின்றிருந்தார். மேளம் நின்றுபோய் வெகு நேரமாகியிருந்தது. மாமா இறங்கும்போதே சன்னாசியின் காதில், "டயர் வெடிச்சிடுச்சுன்னு சொல்லிக்கலாம், நீ வாயத் திறக்காத," என்றார். செபாஸ்டியன்கூடத் தலையாட்டினான்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார் பழனியப்பன்.

"நான்தான் மெதுவா வரச் சொன்னேன்," என்றான் சன்னாசி. மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"எம்மக முகூர்த்தத்தைவிட உங்களுக்கு மெதுவா வாரது பெருசாப் போச்சா?"

ஆமாம் என்று சொன்னால் அடி விழும். இல்லை என்று சொன்னால் பொய்.

"சொன்ன சொல்லு சொன்னதுதான். ஐப்பசியில பாத்துக்கலாம். பசியோட வந்திருப்பீங்க, எல்லாரும் சாப்பிட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டுப் பழனியப்பன் திரும்பிக்கொண்டார்.

பந்தலில் ஒரு பெஞ்சில் சன்னாசி உட்கார்ந்தான். மனசு விட்டுப்போயிற்று. அந்தக் கிழவிக்காக நிற்காமல் இருந்திருக்கலாம். அந்த இரண்டாவது பாலத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். மைல் கல்லில் உட்கார்ந்த நேரம் ஒன்று போதுமே, அதை மிச்சம் பிடித்திருந்தால் இந்நேரம் தாலி ஏறியிருக்கும். ஒருவரும் வராத வளைவுகளுக்கெல்லாம் ஹாரன் அடித்து, வீட்டுக்கு வரவேண்டியவளை இழந்தாயிற்று. அவனுக்கு அழுகை வந்தது. மாப்பிள்ளை அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

பெஞ்சுக்குப் பின்னால் லயத்தின் பலகைச் சுவர். அந்தப்பக்கம் பெண்ணை உட்கார்த்தி வைத்திருந்த அறை. உள்ளே போன இருளாயி தன் ஆத்திரத்தையெல்லாம் கொட்டிக்கொண்டிருப்பது வார்த்தை பிசகாமல் கேட்டது.

"நீயே கேளு தாயி, உனக்கு வாய்க்க இருந்தவன் பண்ண கூத்தை! கூட்டாளி நல்லா பறந்துகிட்டுதான் வந்தான். இவன் ஒண்ணுக்குப் போறேன்னு எறங்கி மைல் கல்லுல உக்காந்துகிட்டான். பயமா இருக்காம். எல்லாரும் என் சனமாம். மெதுவாப் போனாத்தான் ஏறுவானாம். ஒரு வளைவு பாக்கியில்லாம ஊதிகிட்டு, கீரைக்காரிக்கெல்லாம் நின்னு நின்னு வந்தோம்."

"அவரா எறங்கினாரு?" வீரம்மாவின் குரல். அதை அவன் கேட்பது அதுதான் முதல் தடவை.

"பின்ன வேற யாரு?"

"முகூர்த்தம் போயிடும்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

வளையல்கள் குலுங்கின. கதவு திறந்தது. "அப்பா!" என்று கூப்பிட்டாள் வீரம்மா. பந்தல் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மணப்பெண் வாசலுக்கு வந்து அப்பாவைச் சத்தமாகக் கூப்பிடுவதை அந்தத் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை.

"மூணு மாசமா இந்த லயத்துல என்ன சொன்னாங்க? லாரிக்காரனுக்குக் கழுத்த நீட்டறா, வருசம் திரும்பறதுக்குள்ள வெறுங்கழுத்தோட வந்து நிப்பாள்னு சொல்லல? நீங்க எத்தன நாளு சோறு எறங்காம உக்காந்திருந்தீங்க? நானும்தான் உக்காந்திருந்தேன். யாருகிட்டயும் சொல்லல."

"நல்ல நாளுல என்ன பேச்சும்மா இது," என்றார் பழனியப்பன்.

"கல்யாணமே போனாலும் போவட்டும்னு அத்தன பேரையும் பத்திரமாக் கொண்டாந்து எறக்கியிருக்காரு. எனக்கு இது போதும். ராகு காலம் பன்னெண்டுக்குப் போயிடும்ல? நான் உக்காந்திருக்கேன். எனக்கு ஒண்ணும் கால் வலிக்கல. வந்தவங்களுக்கு மோர் குடுங்க."

பழனியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதருக்கு அதை விடுவது லேசல்ல. தங்கள் தோட்டத்துப் பூசாரியைப் பார்த்தார். உச்சிப் பொழுது எல்லாக் காரியத்துக்கும் நல்லதுதான் என்றார் பூசாரி. கார்த்திகேசு மாமா கடிகாரத்தை மடியில் செருகிக்கொண்டு, அதைத்தான் நானும் முதலிலேயே சொல்ல நினைத்தேன் என்றார். யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. செபாஸ்டியன் போய் மேளக்காரர்களை எழுப்பினான்.

பன்னிரண்டு அடித்துக் கொஞ்ச நேரத்தில் சன்னாசி மணையில் உட்கார்ந்தான். வீரம்மாவைப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார்த்தினார்கள். மேளம் முழங்கிய முழக்கத்தில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. தலை குனிந்தபடியே அவள் கேட்டாள்:

"இனிமேயும் இப்படித்தான் தாமசமா வருவீங்களா?"

சன்னாசி யோசித்தான். அன்றைக்கு அவன் சொல்லக்கூடிய நல்ல பொய்கள் நிறைய இருந்தன.

"ஆமா," என்றான்.

"வாங்க. நான் சோத்த மூடி வச்சிகிட்டு இருப்பேன்."

பூசாரி தாலியை எடுத்து நீட்டினார். சன்னாசிக்குக் கண் நிறைந்து எதிரே எதுவும் தெரியவில்லை. தெரியும்வரை காத்திருந்து, துடைத்துக்கொண்டு, நிதானமாக மூன்று முடிச்சும் போட்டான்.